திருடன் என்று சொல்லுமுன்...

சென்ற மாதம் நம் சங்கத்தின் செயற்குழுக் கூட்டம் முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்த நேரம். வாசலில் ஒருவர் உள்ளே வரத் தயங்கி நின்றுகொண்டிருந்தார். நம் பகுதியில் பலருக்கும் அவரைத் தெரியும். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து தில்லிக்கு வந்து, இருபது ஆண்டுகளாக இஸ்திரி வண்டி வைத்துப் பிழைப்பவர். அவருடைய மனைவி ஐந்து வீடுகளில் வேலை செய்துவந்தார். 'செய்துவந்தார்' என்று கடந்த காலத்தில்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அந்த ஐந்தில் ஒன்று நம் சங்க அன்பர் ஒருவரின் இல்லம். அங்கே இரண்டு பவுன் சங்கிலி ஒன்று காணாமல் போயிருக்கிறது. பதினோரு ஆண்டுகளாக அந்த வீட்டுச் சமையலறையைத் தன் வீட்டைப்போல் பார்த்துக்கொண்ட பெண்ணை, ஓர் அறையில் மூன்று மணி நேரம் உட்கார வைத்து விசாரித்திருக்கிறார்கள். பையைக் கொட்டிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டில் வேலை செய்யும் பெண்ணை அழைத்து உடையைச் சோதிக்கச் சொன்னார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில், "நம்ம ஊர்ப் பெண்ணாச்சே என்று போலீசுக்குப் போகாமல் விடுகிறோம், இனிமேல் வர வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டே நாளில் மற்ற நான்கு வீட்டு வேலையும் போய்விட்டது.

"ஐயா, போலீசுக்காவது போயிருந்தாங்கன்னா அங்க போயி இல்லைன்னு சொல்லலாம். இப்ப யாருகிட்டப் போயி இல்லைன்னு சொல்றது?" என்று கேட்டார் அந்த மனிதர்.

"போலீசுக்குப் போகாததே பெரிய உபகாரம், விட்டுத் தள்ளுப்பா" என்ற சொல் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை நான் விழுங்கியதற்குக் காரணம், முப்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு விஷயம். இதுவரை என் வீட்டாரைத் தவிர யாரிடமும் சொல்லாத அதை இன்று இங்கே எழுதுகிறேன்.

நாலு பலகை

1993ஆம் ஆண்டுக் குளிர்காலம். வட இந்தியாவில் ஒரு ரயில் பெட்டிப் பணிமனையில் நான் இளநிலைப் பொறியாளர். உதிரி பாகங்கள் மரப்பெட்டிகளில் வந்து இறங்கும். பெட்டிகளைப் பிரித்த பிறகு பலகைகள் கொட்டகை ஓரத்தில் குவிந்து கிடக்கும். இரவு ஷிப்டில் அதைத்தான் எரித்துக் குளிர்காய்வார்கள். என் செக்‌ஷனில் திண்டிவனம் பக்கத்துக்காரர் ஒருவர் கலாசியாக இருந்தார். ஒரு நாள் மாலை என் மேஜையருகே வந்து, "சார், வீட்ல குளிர் தாங்கலை. நாலு பலகை எடுத்துட்டுப் போகட்டுமா?" என்று கேட்டார். நான் ஜாப் கார்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "எடுத்துட்டுப் போப்பா" என்றேன்.

பலகைகளைச் சைக்கிள் காரியரில் கட்டிக்கொண்டு, பட்டப்பகலில் பிரதான வாயில் வழியாகவே அவர் வெளியே போனார். கேட் பாஸ் இல்லை. காவலில் இருந்தவர்கள் நிறுத்தினார்கள். இரவு ஒன்பது மணி வரை உட்கார வைத்து, ஹிந்தியில் ஒரு வாக்குமூலம் எழுதினார்கள். அவருக்கு ஹிந்தி பேச வரும், படிக்க வராது. தமிழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். பலகையைப் பழைய சாமான் கடையில் விற்க எடுத்துப் போனதாக அந்தக் காகிதத்தில் இருந்தது என்பது அவருக்கு மறுநாள்தான் தெரிந்தது.

மறுநாள் காலை என் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, "நீங்கள் அனுமதி கொடுத்தீர்களா?" என்று கேட்டார். அனுமதி கொடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது. உடைந்த பலகையானாலும் அது ரயில்வேயின் சொத்து. ஸ்டோர்ஸ் இலாகா மூலம் ஏலத்தில்தான் போக வேண்டும். அப்போது என் பதவி உயர்வுக்கான தேர்வு வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. "நினைவில்லை, சார்" என்றேன்.

அந்த ஒரு சொல்லால் அவர் பதினான்கு மாதம் சஸ்பென்ஷனில், பாதிச் சம்பளத்தில் காலம் தள்ளினார். அவர் மனைவி பகலில் குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்க வருவதை நிறுத்திவிட்டு, எல்லோரும் தூங்கிய பிறகு வருவார் என்று என் மனைவி சொன்னபோதும் நான் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அவருடைய வக்கீல் என்னைச் சாட்சியாக அழைத்தார். கூண்டில் ஏறியபோது மட்டும் பொய் வரவில்லை. "ஆம், அவர் கேட்டார், நான் எடுத்துப் போகச் சொன்னேன்" என்றேன். அவர் விடுதலையானார். எனக்கு ஓராண்டு இன்கிரிமெண்ட் நிறுத்தப்பட்டது. தகும். வேலைக்குத் திரும்பிய அவர், வேறு ஷாப்புக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அதன் பிறகு என்னுடன் பேசவில்லை.

நான் வக்கீல் அல்ல. மெக்கானிக்கல் டிப்ளமோ படித்துவிட்டு, 38 ஆண்டுகள் ரயில் பெட்டிகளின் அடியில் குனிந்து பார்த்தவன். ஆனால் அந்த வழக்குக்குப் பிறகு, திருட்டு என்றால் சட்டம் என்ன சொல்கிறது என்று படிக்கத் தொடங்கினேன். படித்ததில் நமக்கு வேண்டியதைச் சொல்கிறேன். வழக்கு என்று வந்துவிட்டால் வக்கீலைத்தான் பார்க்க வேண்டும்.

எது திருட்டு?

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் 'பாரதிய நியாய சன்ஹிதா' நடைமுறையில் இருக்கிறது. பழைய 378, 379ஆம் பிரிவுகள் இப்போது 303. எண் மாறினாலும் திருட்டின் இலக்கணம் பெரும்பாலும் அதேதான். அசையும் பொருளாக இருக்க வேண்டும். அது பிறர் வசம் இருக்க வேண்டும். அவர் சம்மதம் இல்லாமல் எடுக்க வேண்டும். எடுப்பதற்காக அதை நகர்த்தியிருக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, நேர்மையற்ற எண்ணம் இருக்க வேண்டும். ரயில் பெட்டியில் ஒரு போல்ட் இல்லாவிட்டாலும் வண்டியை அனுப்ப முடியாது. அதுபோல் இந்த ஐந்தில் ஒன்று குறைந்தாலும் அது திருட்டு ஆகாது.

சட்டப் புத்தகத்திலேயே உதாரணங்கள் கொடுத்திருக்கிறார்கள். நண்பர் வீட்டுக்குப் போய், அவர் இல்லாத நேரத்தில், படித்துவிட்டுத் திருப்பித் தரலாம் என்று ஒரு புத்தகத்தை எடுத்து வருகிறீர்கள். அவர் ஒப்புக்கொள்வார் என்று நம்பி எடுத்திருந்தால் அது திருட்டு அல்ல. வீட்டு அம்மாள் கொடுத்த பழைய துணியை, கொடுக்க அவருக்கு உரிமை உண்டு என்று நம்பி வாங்கிக்கொண்டவர் திருடர் அல்லர், அந்தத் துணி கணவருடையதாக இருந்தாலும்கூட. தன் பொருள் என்றே மனமார நம்பிப் பிறரிடமிருந்து எடுத்தவரும் திருடர் அல்லர். மாறாக, அடகு வைத்த சொந்தக் கைக்கடிகாரத்தைக் கடனைத் தீர்க்காமல் கடைக்காரர் அறியாமல் எடுத்து வந்தால், சொந்தப் பொருளேயானாலும் அது திருட்டு!

என் கலாசியின் வழக்கு இங்கேதான் நின்றது. எனக்கு அனுமதி கொடுக்க அதிகாரம் உண்டா என்பது என் தலைவலி. அதிகாரம் உண்டு என்று அவர் உண்மையாக நம்பினாரா என்பதே அவரைப் பற்றிய கேள்வி. கேட்டு எடுத்தார், பகலில் எடுத்தார், பெரிய வாசல் வழியாகப் போனார். களவு மனம் இப்படி நடந்துகொள்ளாது.

ஆனால் ரயில்வே நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ரயில்வே சொத்துக்கு 1966ஆம் ஆண்டின் தனிச்சட்டம் ஒன்று உண்டு. கையில் இருந்தது ரயில்வே பொருள், அது களவு போனது என்று சந்தேகிக்க நியாயம் உண்டு என்று காட்டிவிட்டால், அது தன்னிடம் முறையாக வந்தது என்று நிரூபிக்கும் பாரம் வைத்திருந்தவர் தலைமேல் வந்துவிடும். முதல் குற்றத்துக்கே ஐந்தாண்டு வரை சிறை. தனிக் காரணம் இருந்தாலொழிய ஓராண்டுக்குக் குறையக் கூடாது. மேலும், போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. ரயில்வே பாதுகாப்புப் படையினர் இந்தச் சட்டத்தின் கீழ் விசாரிக்கும்போது அந்தப் பொருளில் போலீஸ் அதிகாரிகள் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 1980இல் கூறிவிட்டது. அவர்களிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லுபடியாகும். என் கலாசிக்குச் சாட்சி என்று இருந்தது என் வாய்ச்சொல் ஒன்றுதான். அதைத்தான் பதினான்கு மாதம் நான் பூட்டி வைத்திருந்தேன்.

செல்லாத சமாதானங்கள்

நாம் நியாயம் என்று நினைத்துக்கொள்ளும் சில சமாதானங்கள் நீதிமன்றத்தில் நிற்காது. முதலாவது, "திருப்பிக் கொடுத்துவிட்டேனே" என்பது. ஆல்வாரில் தலைமைப் பொறியாளர் அலுவலகத்தில் சூப்பரின்டென்டென்டாக இருந்த ஒருவர், ஓர் அரசாங்கக் கோப்பை நண்பருக்காக வீட்டுக்கு எடுத்துப் போய், மறுநாள் திருப்பி வைத்தார். சிறிது நேரத்துக்கு எடுத்தாலும் திருட்டுதான் என்று உச்ச நீதிமன்றம் 1963இல் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, ஜோத்பூர் விமானப்படைப் பயிற்சிக் கழகத்திலிருந்து 1952இல் அனுமதியின்றி ஒரு விமானத்தை எடுத்துக்கொண்டு பாகிஸ்தானில் போய் இறங்கிய பயிற்சி மாணவர் வழக்கிலும் 1957இல் இதையே சொன்னது.

இரண்டாவது, "எனக்குச் சேர வேண்டிய பணத்துக்காகத்தான் பிடித்து வைத்தேன்" என்பது. கடனை வசூலிக்கக் கடன்காரரின் பொருளைத் தூக்கி வந்தால் அதுவும் திருட்டு என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 1895லேயே கூறிவிட்டது. சம்பள பாக்கிக்காக முதலாளியின் டிரில் மெஷினை எடுத்து வரும் பையன்களுக்கும், சீட்டுப் பண பாக்கிக்காக அடுத்தவர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வரும் பெரியவர்களுக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது, "வழியில் கிடந்தது" என்பது. தெருவில் கிடக்கும் மோதிரம் யார் வசத்திலும் இல்லாததால் அது திருட்டு ஆகாது. ஆனால் உரியவரைத் தேடாமல் நமதாக்கிக்கொண்டால் 314ஆம் பிரிவின்படி மோசடியாகக் கையாண்ட குற்றம். குறைந்தது ஆறு மாதம், இரண்டாண்டு வரை சிறை.

நான்காவது, "நான் திருடவில்லை, வாங்கினேன்" என்பது. களவுப் பொருள் என்று தெரிந்தோ, தெரிந்துகொள்ளக் காரணம் இருந்தோ வாங்கினால் 317ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை. களவு போன சில நாட்களுக்குள் பொருள் யார் கையில் இருக்கிறதோ, அவர் சரியான விளக்கம் தராவிட்டால், திருடினார் அல்லது தெரிந்தே வாங்கினார் என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ள இடமுண்டு. பதினைந்தாயிரம் ரூபாய் போனை இரண்டாயிரத்துக்குப் பில் இல்லாமல் வாங்கிவிட்டு எனக்குத் தெரியாது என்றால் யார் நம்புவார்? பழைய போன் வாங்கும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: பில்லோ, விற்றவரின் கையெழுத்தோ இல்லாமல் வாங்கக் கூடாது. போனின் ஐ.எம்.இ.ஐ. எண்ணை மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி'யில் சரிபார்க்க வசதி இருக்கிறது.

தண்டனைகளையும் தெரிந்துகொள்வோம். சாதாரணத் திருட்டுக்கு மூன்றாண்டு வரை. வீட்டுக்குள்ளோ, பயண வண்டியிலோ, கோயிலிலோ திருடினால் ஏழாண்டு வரை. வேலை செய்பவர் முதலாளி பொருளைத் திருடினாலும் ஏழாண்டு வரை. புதிதாக வந்த நல்ல மாற்றம் ஒன்று: பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குள் இருந்து, முதல் முறையாகத் தண்டனை பெறுபவர் பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், சிறைக்குப் பதில் சமூக சேவை. 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி முதல் குற்றவாளியை எச்சரித்து விடுவதற்கும் நீதிபதிக்கு வழி இருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளின் வழக்கு சிறார் நீதி வாரியத்துக்குத்தான் போக வேண்டும். அதனால் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை ஊரில் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள், ஒரு நகல் இங்கே இருக்கட்டும்.

நம்மவர் மேல் பழி விழுந்தால்

அன்பர்களே, ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இதுதான் முக்கியம்.

முதலில், படிக்கத் தெரியாத மொழியில் எழுதிய எதிலும் கையெழுத்து வேண்டாம். போலீஸ் புலன்விசாரணையில் நாம் சொல்வதை எழுதிக்கொள்ளலாம், ஆனால் அந்த வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்பதே சட்டம். கைது மெமோவிலும் பறிமுதல் பட்டியலிலும் கையெழுத்துக் கேட்பார்கள். அவற்றைப் படிக்கச் சொல்லிக் கேட்டபின் போடலாம்.

போலீசாரிடம் எழுதியதைவிட ஆபத்தானது, முதலாளி வீட்டில் எழுதிக் கொடுப்பது. "எடுத்தது தப்புதான், பணத்தைக் கொடுத்துவிடுகிறேன்" என்று மிரண்டுபோய் எழுதிக் கொடுக்கும் சீட்டு, வெளியாரிடம் செய்த ஒப்புதல் என்ற வகையில் நீதிமன்றத்துக்கு வரக்கூடும். மிரட்டி வாங்கியது என்று பின்னால் வாதாடலாம், ஆனால் அந்தப் பாடு எதற்கு? செய்யாத குற்றத்துக்குச் சமாதானமாகப் பணம் கட்டாதீர்கள்.

ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில், புகார் வந்ததும் பிடித்துக்கொண்டு போய் அடைக்க வேண்டியதில்லை, அவசியம் என்றால் காரணத்தை எழுதி வைத்தே கைது செய்ய வேண்டும், மற்றபடி ஆஜராகும்படி நோட்டீஸ் கொடுக்கலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகக் கூறியது. புதிய சட்டத்திலும் அது 35ஆம் பிரிவில் இருக்கிறது. நோட்டீஸ் வந்தால் ஒளியாதீர்கள், குறித்த நாளில் போய் நில்லுங்கள். ஊருக்கு ரயில் ஏறிவிட்டால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க விட வேண்டும். பெண்களைச் சூரியன் மறைந்த பின், விடிவதற்கு முன், விசேஷக் காரணமும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் இல்லாமல் கைது செய்யக் கூடாது. பெண்ணைச் சோதிப்பதும் பெண் மூலமாகத்தான். நீதிமன்றத்தில் சாட்சியம் புரியாத மொழியில் இருந்தால் புரியும் மொழியில் பெயர்த்துச் சொல்லும்படி கேட்க உரிமை உண்டு. வெட்கப்படாமல் கேளுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால், 1987ஆம் ஆண்டின் சட்ட உதவிச் சட்டப்படி பெண்களுக்கும், காவலில் இருப்பவர்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் தொலைபேசி எண் 15100. குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜாமீனில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். வக்கீலும் வந்து, ஜாமீனும் கிடைத்து, கையெழுத்துப் போட உள்ளூரில் சொத்தோ நிலையான வேலையோ உள்ள ஓர் ஆள் இல்லாமல் உள்ளேயே கிடப்பவர்கள் உண்டு. 1978இல் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோதிராம் என்ற ஏழைக் கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார்கள். வேறு மாவட்டத்தில் இருந்த சகோதரர் முன்வந்தபோது, அவர் செல்லாது என்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதி கிருஷ்ணய்யர் 1,000 ரூபாய் சொந்தப் பிணையிலேயே அவரை விடச் சொன்னார். அந்தத் தீர்ப்பில் அவர் கேட்ட கேள்வி நமக்கென்றே கேட்டதுபோல் இருக்கிறது. சாந்தினி சௌக்கிலோ பஸ்தரிலோ திருட்டுக் குற்றச்சாட்டில் பிடிபட்ட ஒரு தமிழரோ, மலையாளியோ, தெலுங்கரோ, கன்னடரோ அந்த ஊர் ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்று கேட்டார். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. அந்தக் கேள்விக்கு நம் சங்கம் ஒரு பதில் வைத்திருக்கிறதா?

நம் வீட்டில் பொருள் போனால்

இழந்தவர் பக்கமும் நியாயம் உண்டு. இரண்டு பவுன் என்பது இன்றைய விலையில் சாதாரண விஷயமா? தாயார் போட்டிருந்த சங்கிலி என்றால் அதற்கு விலையே கிடையாது. சந்தேகப்படுவது மனித இயல்பு. அதை நான் குறை சொல்லவில்லை. சந்தேகத்தை என்ன செய்கிறோம் என்பதுதான் விஷயம்.

சட்டம் காட்டும் வழி, காவல் நிலையத்தில் புகார். என்ன போயிற்று, கடைசியாக எப்போது பார்த்தோம், யார் யார் வந்துபோனார்கள் என்று தெரிந்ததை மட்டும் எழுத வேண்டும். தெரியாத பெயரை எழுதக் கூடாது. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகக் கிடைக்கும். எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம், எல்லை தங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. இப்போது சோதனையையும் பறிமுதலையும் வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அது இரு தரப்புக்கும் நல்லது.

இதைவிட்டு நாமே விசாரணை நடத்தினால் குற்றவாளிக் கூண்டில் நிற்பது நாமாகவும் இருக்கலாம். ஒருவரை அறையில் போக விடாமல் உட்கார வைப்பது சட்ட விரோதமாக அடைத்து வைத்த குற்றம். கண்ணெதிரே திருடியவரைப் பிடிக்கப் பொதுமக்களுக்கும் உரிமை உண்டுதான். ஆனால் ஆறு மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்க வேண்டும். சந்தேகத்தின் பேரில் பிடிக்க உரிமை இல்லை. பொய் என்று தெரிந்தே ஒருவர் மேல் வழக்குப் போடுவதும், ஊரெல்லாம் திருடி என்று சொல்லித் திரிவதும் தனித்தனிக் குற்றங்கள்.

"போலீசுக்குப் போனால் பாவம் அந்தப் பெண் கஷ்டப்படுவாள்" என்று சொல்பவர்களை நான் அறிவேன். உண்மையாகவே இரக்கப்பட்டுச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் போலீசுக்கும் போகாமல், வாயையும் மூடாமல், நான்கு வீட்டில் சொல்லி வைப்பது இரக்கமா? காவல் நிலையத்தில் குற்றச்சாட்டுக்கு ஓர் எண் உண்டு, தேதி உண்டு, ஆதாரம் இல்லையென்றால் ஒரு முடிவும் உண்டு. வாய்வழிக் குற்றச்சாட்டுக்கு முடிவே கிடையாது. என் கலாசிக்காவது ஒரு நீதிமன்றம் இருந்தது, பதினான்கு மாதம் கழித்தானாலும் "இவர் திருடவில்லை" என்று சொல்ல. இந்தப் பெண்ணுக்கு அதுவும் இல்லை. ஆகவே என் கருத்து இதுதான்: ஆதாரம் இருந்தால் புகார் கொடுங்கள், இல்லையென்றால் மௌனமாக இருங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வீட்டு நீதிமன்றம் வேண்டாம்.

அந்தச் சங்கிலி இதை எழுதும் நாள் வரை கிடைக்கவில்லை. யார் எடுத்தார்கள், எடுத்தார்களா என்பதே எனக்குத் தெரியாது. அது அலமாரிக்குப் பின்னால் கிடந்து நாளைக்கே கிடைக்கும் என்று கதையில் வருவதுபோல் நான் சொல்லப் போவதில்லை. கிடைக்காவிட்டாலும் என் கருத்து மாறாது. அந்த அன்பரிடம் நேரில் போய்ப் பேசினேன். கோபப்பட்டார். இதைப் படித்தால் இன்னும் கோபப்படுவார். பரவாயில்லை, எங்கள் நட்பு முப்பது வருஷத்து நட்பு, தாங்கும். மற்ற நான்கு வீடுகளுக்கும் போனேன். ஒரு வீட்டில் அந்தப் பெண்ணை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் மூன்று. தமிழ் தெரிந்த வக்கீல்களின் பெயர்களும் தொலைபேசி எண்களும் சங்கப் பலகையில் இருக்கட்டும். பொருள் காணாமல் போன புகார்களைச் சங்கத்தில் பஞ்சாயத்துப் பேசுவதில்லை என்று ஒரு தீர்மானம் போடுவோம். மூன்றாவதாக, நம்மவர் யாராவது வழக்கில் மாட்டினால், குற்றவாளியா இல்லையா என்பதை நீதிமன்றத்துக்கு விட்டுவிட்டு, ஜாமீன் கையெழுத்துப் போட முன்வருபவர்களின் பட்டியல் ஒன்று தயாரிப்போம். சொந்த வீடு வாங்கியவர்களும், ஓய்வூதியம் பெறுபவர்களும் நம்மில் குறைவில்லை.

முப்பது ஆண்டுகளுக்கு முன் "நினைவில்லை" என்று சொன்னவன் நான். அந்தப் பட்டியலில் முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.